டவுன்ஹால்: வேலியும் கூரையும் மன்றும்

கோவையில் நகரப் பேருந்து ஏறுபவர் "டவுன்ஹால் ஒண்ணு" என்றுதான் சீட்டுக் கேட்பார். பெரிய கடை வீதி, மணிக்கூண்டு, கோனியம்மன் கோயில் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். கட்டடத்தின் பெயர் ஒரு வட்டாரத்துக்கே பெயராகிவிட்டது.

'டவுன்' பழைய ஆங்கிலத்தில் 'தூன்'. வேலியடைத்த இடம் என்பது அதன் முதற்பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் இன்றும் வேலியையே குறிக்கிறது. வேலிக்குள் ஒரு வீடு, பிறகு பண்ணை, பிறகு ஊர், கடைசியில் நகரம் என்று பொருள் விரிந்தது. நம் 'பட்டி' நடந்த வழியும் இதுவே. ஆடுமாடு அடைத்த இடம் ஊராயிற்று. மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்னும் கொங்கு நாட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'ஹால்' என்பதன் வேரிலோ மூடுதல் என்ற பொருள் இருக்கிறது. அது கூரை வேய்ந்த பெருங்கூடம்.

இரண்டும் சேர்ந்த சொல்லுக்கு இங்கிலாந்தில் பெருமை கூடியது, 1835ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களைக் கொண்டுவந்த பிறகு. ஆலை நகரங்கள் ஒன்றையொன்று மிஞ்சக் கட்டின. லீட்ஸ் நகரக் கூடத்தை 1858இல் விக்டோரியா அரசியே வந்து திறந்தார். மான்செஸ்டருடையது 1877இல் திறந்தது.

கோவைக்கு நகராட்சி 1866இல் வந்தது; ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் தலைவர். 1887இல் அரசியின் ஆட்சிப் பொன்விழா. அதன் நினைவாக நகரத்துக்கு ஒரு கூடம் வேண்டும் என்று முன்னின்று உழைத்தவர் பத்திரிகையாளர் சே. ப. நரசிம்மலு நாயுடு. 1892இல் விக்டோரியா ஹால் என்ற பெயரில் அந்தக் கூடம் எழுந்தது. சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வாதாடியவரும் இவர்தான். அந்தத் தண்ணீர் 1929இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இனி நம் சொல்லுக்கு வருவோம். இலங்கைத் தமிழர் கட்டடத்தை 'நகர மண்டபம்' என்கிறார்கள். தமிழ்நாட்டில் 'நகர்மன்றம்' பிறந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதுவும் டவுன்ஹால்தான். ஆனால் அது கட்டடத்தின் மேல் ஒட்டவில்லை. உள்ளே உட்கார்ந்து பேசும் உறுப்பினர்களைக் குறிக்கப் போய்விட்டது. கட்டடம் ஆங்கிலப் பெயரோடே நின்றுகொண்டது. இது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். சங்க காலத்து மன்றத்துக்குக் கூரை கட்டாயமில்லை. மரத்தடி போதும், ஊரார் கூடியிருந்தால் அது மன்றம். 'மன்று' என்ற சொல்லுக்கு மாட்டுத்தொழு என்ற பொருளும் உண்டு என்பதால், 'தூன்' புறப்பட்ட இடத்திலிருந்து அது வெகுதூரம் விலகியதும் இல்லை. 'ஹால்' கூரையைப் பேச, 'மன்றம்' கூடும் மனிதரைப் பேசுகிறது. மூலத்தைவிட மொழிபெயர்ப்பு ஆழமாகப் போன இடங்களில் இது ஒன்று.

1981இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது, நகர்மன்றம் மாமன்றமாயிற்று. அதன் கூட்டங்கள் இன்றும் விக்டோரியா ஹாலில்தான் நடக்கின்றன. கடல் கடந்த அரசியின் பெயரை அந்தச் சுவர் காப்பாற்றிவிட்டது. நரசிம்மலு நாயுடுவின் பெயரைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம். டவுன்ஹாலில் பிள்ளைகளோடு இறங்கும் பெற்றோர், கடைவீதிக்குள் நுழையுமுன் அவர் யார் என்று சொல்லிக்கொடுங்கள்.