மார்ட்டிங்கேல் பந்தய முறை

மார்ட்டிங்கேல்: ரூலெட் சூதாட்டத்தில் தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் முறை. ஒருமுறை வென்றால் போதும், விட்டதெல்லாம் திரும்பி, முதல் பந்தயத் தொகை லாபமாக நிற்கும் என்பது இதன் வாதம். கணக்கில் பிழையில்லை, கையிருப்புக்கு எல்லையில்லை என்ற அனுமானத்தில்தான் பிழை. ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழிகள்: சிவப்பு 18, கறுப்பு 18, பச்சைப் பூஜ்யம் ஒன்று. சிவப்பில் வைப்பவர் தோற்கும் வாய்ப்பு 19/37. ஒரு யூரோவில் தொடங்கி அடுத்தடுத்துப் பத்து முறை தோற்றால் போனது 1,023 யூரோ. இப்படி நேர்வது ஏறக்குறைய 784 முயற்சிகளில் ஒன்று. மற்ற 783-இல் கிடைப்பதோ தலா ஒரு யூரோ. அத்தனையும் சேர்த்தாலும் அந்த ஒரு சறுக்கலுக்குக் காணாது. மேசைக்கு உச்சவரம்பு உண்டு என்பதால் பெரும் பணக்காரருக்கும் இதே கதிதான்.

தொடர்ந்து கறுப்பே விழுந்தால் அடுத்தது சிவப்புதானே என்று கேட்பார்கள். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோவில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. சிவப்பை நம்பியவர்கள் பெருந்தொகை இழந்தார்கள். ரூலெட்டில் ஜோசப் ஜாகர் என்பவர் வென்றாரே என்றால், 1880களில் அவர் நம்பியது பந்தய முறையை அல்ல, பழுதுள்ள சக்கரத்தை. பழுதில்லாத ஐரோப்பியச் சக்கரத்திலோ, ஒற்றை எண்ணுக்கு 36 மடங்கு லாபம் தரவேண்டிய இடத்தில் 35 மடங்கே தருவதால் சூதாட்ட விடுதிக்கு 2.7 விழுக்காடு மிஞ்சுகிறது. இரட்டைப் பூஜ்யமுள்ள அமெரிக்கச் சக்கரத்தில் 5.26. பூஜ்யம் விழுந்தால் பாதியைத் திருப்பித் தரும் பிரெஞ்சு விதியில், சிவப்பு-கறுப்பு போன்ற பந்தயங்களுக்கு மட்டும் இது 1.35 ஆகும்.