உகந்துடைமையும் உரிமையும்: ஒரு குடும்பத்தின் கதைக்கு யார் பங்காளி?

சென்ற மாதம் சாலைக் கடைத்தெருவின் உட்சந்து ஒன்றில் ஒரு மூதாட்டியின் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். அவருடைய கணவர் அங்கே நாற்பதாண்டுகள் சுமை தூக்கியவர். என் ஆய்வுக்கு வேண்டியவை அவர் பேச்சில் தமிழும் மலையாளமும் கலக்கும் இடங்கள் மட்டுமே. வினைமுற்று எங்கே தமிழாக நிற்கிறது, எங்கே மலையாளமாக மாறுகிறது என்பதைக் குறித்துக்கொண்டே வந்தேன். அவரோ கணவர் இறந்த கதையையும், மூத்த மகன் பிரிந்துபோன கதையையும் சொல்லிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தபடி கேட்டார்: "மக்களே, எங்க கதைய எழுதினா ஒனக்கு டாக்டர் பட்டம் கிட்டும். எங்களுக்கு என்ன கிட்டும்?"

இசைவுப் படிவத்தில் அவருடைய பெருவிரல் ரேகை இருக்கிறது. பதிவுக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையும் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் விடையாகச் சொல்லலாம். எனக்கு வாய் வரவில்லை. அன்று முதல் இக்கேள்வியின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

சாலையில் நின்று இக்கேள்வியைக் கேட்பதற்குத் தனிப் பொருள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருப்பெற்ற இக்கடைத்தெரு, தமிழ்ப் புனைகதையில் தனக்கென ஓர் ஊரே உடையது. ஆ. மாதவன் (1934–2021) இங்கேயே 'செல்வி ஸ்டோர்ஸ்' என்ற கடையை நடத்திக்கொண்டு, கடைவாசலில் கண்ட சுமைகாரர்களையும் உதிரிகளையும் கதைகளாக்கினார். 'கடைத்தெருக் கதைகள்' என்ற தலைப்பே முகவரியைச் சொல்லிவிடுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ஆகவே மாதவனின் எழுத்துக்கு 2081 முடியும்வரை உரியவர் உண்டு. எழுதப்பட்ட மனிதர்களின் வாழ்க்கைக்கோ உரியவர் ஒருநாளும் இருந்ததில்லை. இது மாதவன்மீது குற்றச்சாட்டன்று. தமிழ்ச் சிறுகதையில் பெரும்பொருள் ஈட்டியவர் யார்? பணம் பெரிதாக வரும்போதுதான் பங்கு என்ற சொல்லே வாயில் வருகிறது. அது திரைப்படத்தோடு வந்தது.

1993 மார்ச்சில் விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு, நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல்நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உறவினர்களும் அடிபட்டனர். அவர் தப்பி ஓடிவிட்டார் என்றது காவல்துறை. உண்மையில் அவர் காவலிலேயே இறந்திருந்தார். அவருடைய மனைவி பார்வதி, மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களின் துணையோடு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார், வழக்கறிஞர் கே. சந்துரு வாதாடினார். காவலர்கள் தண்டனை பெறப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 2021 நவம்பர் 2 அன்று இவ்வழக்கை அடியொற்றிய 'ஜெய் பீம்' அமேசான் பிரைமில் வெளியானது.

பணம் எப்படிப் பிரிந்தது என்று பாருங்கள். படம் வெளிவருவதற்கு முந்தைய நாள் நடிகர் சூர்யாவின் தரப்பு இருளர் நலனுக்கான அறக்கட்டளைக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கியது. படத்தின் ராஜாக்கண்ணு இருளர்; முதனையின் ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். கதைக்குள் சமூகப் பெயர் மாறியபோது, கதைக்கான முதல் நன்கொடையின் முகவரியும் மாறிவிட்டது. இருளர் மக்களுக்கு உதவி வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆயினும் புனைவில் செய்த ஒரு சிறு மாற்றம் கணக்கேட்டில் எவ்வளவு தொலைவு செல்கிறது என்பதை இங்கே காணலாம்.

பின்னர் மார்க்சிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் கே. பாலகிருஷ்ணன், பார்வதியின் வறுமையைச் சுட்டிக்காட்டிச் சூர்யாவுக்குக் கடிதம் எழுதினார். அதற்குப் பதிலாக, பார்வதியின் பெயரில் 10 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையாகச் செலுத்தப்படும், வட்டி மாதந்தோறும் அவருக்குச் சேரும், அவர் காலத்துக்குப் பின் தொகை வாரிசுகளுக்குப் போகும் என்று சூர்யா அறிவித்தார். அடுத்த ஆண்டு இன்னொரு குரல் எழுந்தது. அதே வழக்கில் தானும் காவலில் வதைபட்டதாகச் சொன்ன உறவினர் ஒருவர், தம் கதையைப் பயன்படுத்திவிட்டு வாக்களித்த பங்கைத் தரவில்லை என்று புகார் கொடுத்தார். பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானதாகச் செய்திகள் வந்தன. அப்புகாரின் மெய்ம்மையை நான் தீர்ப்பிட முடியாது. எனக்கு முக்கியமாகப்படுவது அதிலுள்ள கேள்வி: ஒரே இரவில் ஒரே நிலையத்தில் அடிபட்டவர்களுள், இறந்தவரின் மனைவிக்கு மட்டுமா கதை சொந்தம்? பிழைத்து வந்தவர்களுக்கு இல்லையா?

சட்டத்தைக் கேட்டால் எவருக்குமே இல்லை என்கிறது. இங்கும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே அடித்தளம். தூக்குத்தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முனைந்தபோது சிறைத்துறை தடுத்தது. 1994 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ராஜகோபால் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவருடைய இல்லறம், குடும்பம், பிள்ளைப்பேறு முதலியவற்றை அவர் இசைவின்றி வெளியிடலாகாது. ஆனால் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இடம்பெற்றுவிட்ட செய்திகளை எவரும் எழுதலாம்.

இவ்விதியைப் பார்வதியின் வாழ்க்கைமேல் வைத்துப் பாருங்கள். கணவன் எங்கே என்று கேட்டு அவர் நீதிமன்றத்தில் கொடுத்த மனு ஒரு பொது ஆவணம். சாட்சிக்கூண்டில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பொது ஆவணம். வாய்மூடி வீட்டில் இருந்திருந்தால் அவருடைய துயரம் சட்டப்படி அவருடைய அந்தரங்கமாக இருந்திருக்கும். நீதி கேட்டதால் அது ஊர்ச்சொத்து ஆயிற்று. இதைவிடக் கசப்பான முரணை நான் சட்டப் புத்தகங்களில் கண்டதில்லை. ஊடகச் சுதந்திரத்துக்கு அவ்விதி இன்றியமையாதது என்பதையும் மறுக்க மாட்டேன். அது இல்லையென்றால் காவல்நிலையக் கொலைகளைப் பற்றி எழுத முதலில் தடையாணை வாங்குபவர்கள் காவலர்களாகவே இருப்பார்கள்.

வாரிசுகளின் நிலை இன்னும் மெலிது. ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா, 'தலைவி' படத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றது. ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய புகழும் அந்தரங்கமும் அவரோடு முடிகின்றன. அசையாச் சொத்தைப்போல வாரிசுக்கு இறங்குவதில்லை. ஆட்டோ சங்கர் எழுதிய கைப்பிரதிக்கு மரபுரிமை உண்டு, அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு இல்லை. எழுதத் தெரிந்தவனுக்குச் சொத்து, எழுதப்படுபவனுக்கு எதுவுமில்லை.

அப்படியானால் பார்வதிக்குச் சேர்ந்த பணத்துக்குப் பெயர் என்ன? கூலியன்று, பங்கன்று, இழப்பீடும் அன்று. என் ஆய்வுத்துறை சொற்களைக் குடைவது என்பதால் இங்கே ஒரு பழைய சொல்லை எடுத்து வைக்கிறேன்.

தென்திருவிதாங்கூரின் நாஞ்சில் நாட்டு வேளாளர் தமிழர்களாக இருந்தும் நெடுங்காலம் மருமக்கள்வழி முறையைப் பின்பற்றினர். ஆணின் குடும்பச் சொத்து அவன் பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவி மக்களைத் தெருவில் விடலாகாது என்பதற்காக அவர்களுக்கு ஒரு சிறு பகுதி ஒதுக்கும் வழக்கம் இருந்தது. அதற்கு 'உகந்துடைமை' என்று பெயர். உகத்தல் என்றால் மகிழ்தல், விரும்புதல். உகந்து கொடுத்த உடைமை அது. சொல்லின் முதற்பாதியைக் கவனியுங்கள்: அதில் பெறுபவளின் தேவை இல்லை, உழைப்பு இல்லை, கொடுப்பவனின் மனமகிழ்ச்சி மட்டுமே இருக்கிறது. அவ்வமைப்பில் ஒரு மனைவி பட்ட பாட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள் வழி மான்மியம்' என்ற எள்ளல் காவியமாக்கினார். அதில் பேசுபவள் ஒரு காரணவனின் ஐந்தாம் மனைவி. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றிய பின்னரே மனைவி மக்களின் பங்கு உரிமையாகப் பேசப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் நாயர் சமூகத்துக்கான சட்டம், பிரிக்க முடியாதிருந்த தறவாட்டுச் சொத்தை ஆளோகரியாக, அதாவது தலைக்கு ஒரு பங்காகப் பிரிக்க வழி திறந்தது. குழந்தைக்கும் காரணவனுக்கும் அதில் ஒரே அளவு.

பார்வதியின் வைப்புத்தொகை தெளிவாக உகந்துடைமை. கொடுத்தவர் நல்ல மனத்தோடு கொடுத்தார். கொடுக்காமலிருந்தாலும் சட்டம் அவரைக் கேட்டிராது. அதன் வடிவமும் ஆராயத்தக்கது. வாழ்நாள் முழுதும் வட்டி விதவைக்கு, முதல் வாரிசுகளுக்கு. 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்குக் கொடுத்த வரையறுக்கப்பட்ட உரிமையும் ஏறத்தாழ இவ்வடிவமே: அனுபவிக்கலாம், விற்க முடியாது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் பதினான்காம் பிரிவில் அதை முழு உரிமையாக்கியது. 2021இல் ஒரு நற்செயல் தன்னையறியாமல் 1937க்குத் திரும்பியது. மூதாட்டி ஒருவரைச் சுற்றியுள்ளோர் முதலைக் கரைத்துவிடாமல் காப்பதற்கே அப்படிச் செய்திருப்பார்கள். அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. என்றாலும் தம் கதையின் முதலைத் தாமே செலவழிக்க அவருக்கு உரிமை இருந்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

அரசின் சொல்லாட்சியும் இவ்வாறே. தமிழ்நாட்டில் எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமையாக்கும்போது மரபுரிமையருக்கு அளிக்கும் தொகை 'பரிவுத்தொகை' எனப்படும். பதிப்புரிமை என்ற ஐயத்துக்கிடமற்ற சொத்தை வாங்கும்போதே பரிவு என்று சொல்லும் மொழி, சொத்தே இல்லாதவளுக்குக் கொடுப்பதை வேறு எப்படிச் சொல்லும்?

உகந்து கொடுப்பதன் சிக்கல் முதுமலையில் இன்னும் வெளிப்படையாயிற்று. 2023 மார்ச்சில் 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் விருது பெற்றது. தெப்பக்காட்டுப் பொம்மனும் பெள்ளியும் நாடெங்கும் அழைக்கப்பட்டனர். தமிழக முதல்வர் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் அளித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர்கள் பெயரில் இரண்டு கோடி ரூபாய் கேட்டுப் படத்தரப்புக்கு வழக்கறிஞர் அறிவிப்பு சென்றது. தயாரிப்பு நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. எவர் சொல்வது சரி என்ற பூசலில் நாம் கேட்க மறந்தது, படப்பிடிப்பு தொடங்குமுன் இருதரப்புக்கும் புரியும் மொழியில் எழுதிய கணக்கு ஒன்று இருந்ததா என்பதைத்தான்.

கேரளத்தில் ஒரு வேறுபட்ட பாதை உண்டு. 2005இல் நளினி ஜமீலாவின் தன்வரலாறு ஐ. கோபிநாத்தின் துணையோடு வெளியாகி மிக விரைவில் பல பதிப்புகளைக் கண்டது. அதில் தம் குரல் இல்லை என்று கருதிய ஜமீலா, திருத்திய வடிவத்தைத் தாமே கொண்டுவந்தார். பணத்தைவிட முதன்மையான ஒன்றை அவர் மீட்டார்: ஆசிரியர் என்ற இடத்தை. அந்த இடம் கிடைத்துவிட்டால் சட்டம் தானாகவே பின்னால் வருகிறது. சொன்னவரையும் எழுதியவரையும் கூட்டாசிரியராகப் பதிவு செய்துவிட்டால், சொன்னவரின் பங்கு மறுநாளே பரம்பரைச் சொத்தாகிறது. யாரும் உகக்க வேண்டியதில்லை.

குடும்பத்துக்குள் பிரிப்பது மட்டும் அப்போதும் கடினமாகவே இருக்கும். ஆளோகரி எளிது, தலையை எண்ணினால் போதும். ஆனால் கதை தலைக்கணக்கில் நடப்பதில்லை. பதின்மூன்று ஆண்டு நீதிமன்றம் ஏறியவளும், அடிபட்டு ஊரைவிட்டே போனவனும், அன்று தொட்டிலில் கிடந்த குழந்தையும் ஒரே அளவினரா? என் எண்ணம் இது: இழப்புக்கு உரிய பகுதியைச் சமமாகப் பிரிக்கலாம், கதையைச் சுமந்து சாட்சி சொன்னதற்கு உரிய பகுதி சொன்னவருக்கே தனியாகச் சேர வேண்டும். பங்கு பேசுவது படம் ஓடிய பிறகாக அன்றி, கதை கேட்கும் நாளிலேயே இருக்க வேண்டும். படம் ஓடாமற்போனால் பங்கும் பூஜ்யம் என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

என் ஆய்வேட்டால் எவருக்கும் கோடிகள் வரப்போவதில்லை. ஆனால் ஒலிப்பதிவு பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்துக்குப் போகும். நாளை எவரேனும் அதிலிருந்து ஒரு நூலையோ தொடரையோ உருவாக்கலாம். சென்ற வாரம் மீண்டும் சாலைக்குப் போனேன். படிவத்தில் ஒரு பத்தி சேர்த்திருந்தேன்: மொழி ஆய்வைத் தவிர வேறெதற்கும் இப்பதிவைப் பயன்படுத்துவதாயின் சொன்னவரிடமோ, அவர் குறிப்பிடுபவரிடமோ இசைவும் பங்கும் பேசிய பின்னரே ஆகும். மூதாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். யார் பெயரைக் குறிப்பிட விரும்புகிறீர்கள் என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் இளைய மகளின் பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பிரிந்துபோன மூத்தவன் பெயரையும் சேர்த்தே எழுதச் சொன்னார். "அவன் போனதும் கதையில உள்ளதுதானே" என்றார்.