முகப்புக் கண்ணாடி: விரிசலுக்கு ஒரு வழி, கசிவுக்கு வேறு வழி

1930ஆம் ஆண்டு மே மாதம், ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பேக்ஸ்டர் என்பவர் புதிய போர்ட் கார் ஒன்றை வாங்கினார். அவ்வாண்டு ஒக்டோபரில் ஸ்னொகுவால்மி கணவாய் வழியாக அக்காரை ஓட்டிச் சென்றபோது, கடந்துபோன இன்னொரு காரினால் எறியப்பட்ட சிறு கல் அவரது முகப்புக் கண்ணாடியைத் தாக்கியது. தெறித்த கண்ணாடித் துணுக்குகள் அவருடைய இடது கண்ணிற் புகுந்தன. அந்தக் கண்ணை அவர் இழந்தார்.

இன்று கண்ணாடியிற் கல் பட்டால் காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்கிறோம். பழுதுபார்ப்பவர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. கல் எறிந்த கார் போன திசை தெரியாது. அப்படியானால் நட்டத்தைச் சுமப்பவர் யார்? காரோட்டியா, விற்றவரா, செய்தவரா? முகப்புக் கண்ணாடியின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்வியின் வரலாறேயாகும்.

தொடக்க காலக் கார்கள் பலவற்றுக்கு முகப்புக் கண்ணாடியே இருக்கவில்லை. பின்னர் வந்தது சாதாரணத் தட்டைக் கண்ணாடி. காற்றையும் புழுதியையும் அது தடுத்தது. விபத்து நேர்ந்தாலோ கத்தி முனைகளாக உடைந்து முகத்தையும் கழுத்தையும் கிழித்தது. மாற்று வழி பிறந்தது பாரிசில். 1903இல் எடுவார் பெனெடிக்டஸ் என்னும் பிரெஞ்சு வேதியியலாளரின் கையிலிருந்து குடுவை ஒன்று தவறி விழுந்தது. அது வெடித்ததே தவிரச் சிதறவில்லை. முன்பு அதனுள் இருந்த செலுலோசு நைத்திரேற்றுக் கரைசல் வற்றி, உட்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தது; அதுவே துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. ஓவியத்திலும் அலங்காரக் கலையிலும் கைதேர்ந்த இம்மனிதர், கார் விபத்துகளைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைப் படித்தபோது அந்தக் குடுவையை நினைவுகூர்ந்தார் என்று சொல்வார்கள். 1909இல் காப்புரிமம் பெற்றார். இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே செலுலோயிட் படலம் ஒன்று. மூன்று அடுக்குகள் என்பதால் டிரிப்ளெக்ஸ் என்று பெயர். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண்ணாடிகளாக அது பயன்பட்டது. வெயிலில் மஞ்சளிப்பது செலுலோயிட்டின் பெருங்குறை. 1930களின் பிற்பகுதியில் பொலிவைனைல் பியூட்டிரல் என்னும் பிசின் படலம் அதன் இடத்தைப் பிடித்தது. இன்றும் உலகமெங்கும் கார்களின் முகப்பிற் பயன்படுவது அதுவே.

1927 டிசம்பரில் ‘மொடல் ஏ’ காரை அறிமுகம் செய்த போர்ட் நிறுவனம், அதற்கு டிரிப்ளெக்ஸ் கண்ணாடி பொருத்தியதைப் பெரிதாக விளம்பரப்படுத்தியது. எவ்வளவு பலமாக மோதினாலும் அந்தக் கண்ணாடி தெறிக்காது, சிதறாது என்பதே விற்பனை ஏடுகள் சொன்னதன் சாரம். பேக்ஸ்டர் வழக்குக்குப் போனபோது கையில் வைத்திருந்த ஆயுதம் அந்த ஏடுகள்தான்.

போர்ட் நிறுவனத்துக்கும் தமக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை என்பதே அவருடைய இடர். காரை விற்றவர் உள்ளூர் முகவர். அந்த விற்பனை ஒப்பந்தமோ உத்தரவாதங்களை விலக்கியிருந்தது. ஒப்பந்தம் செய்யாதவர் உத்தரவாதத்துக்குக் கட்டுப்படமாட்டார் என்பது அக்காலப் பொது விதி. கீழ் நீதிமன்றம் விளம்பர ஏடுகளைச் சான்றாக ஏற்கவில்லை. வழக்கை ஜூரிகளின் கைக்குப் போகவும் விடவில்லை.

1932இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் இதனை மாற்றியது. முகவருக்கு எதிரான கோரிக்கை விழுந்தது. போர்ட் நிறுவனத்துக்கு எதிரானது நிலைத்தது. கண்ணாடி சிதறுமா சிதறாதா என்பதைச் சாதாரண மனிதன் பார்த்தறிய முடியாது. தயாரித்தவர் சொன்னதை நம்பித்தான் ஆகவேண்டும். அந்தச் சொல்லைக் கொண்டே பொருளுக்குக் கிராக்கி உண்டாக்கிய நிறுவனம், சொன்னது பொய்த்தபின் ஒப்பந்தம் இல்லையென்று ஒதுங்குவது நியாயமன்று என நீதிமன்றம் கருதியது. மறுவிசாரணையில் ஜூரிகள் பேக்ஸ்டருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். இதைவிடச் சிறந்த கண்ணாடியை எவரும் செய்வதில்லை என்று நிபுணரைக் கொண்டு நிறுவ முயன்ற போர்ட்டின் வாதம் எடுபடவில்லை. சிறந்ததா என்பதல்ல, சொன்னபடி இருந்ததா என்பதே கேள்வி. 1934இல் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. விளம்பர வாசகம் ஒன்று சட்டத்தின் முன் சத்தியவாக்காக மாறிய தருணம் அது. பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு, இதனை எத்தனை தடவை படித்தாலும் ஒரு திருப்தி.

கண்ணாடி மேம்பட்டபின் உயிரைப் பற்றிய கேள்வி தணிந்து, பணத்தைப் பற்றிய கேள்வி எழுந்தது. மூவடுக்குக் கண்ணாடியிற் கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டுமே உடையும். அந்தச் சிறு வெடிப்பிலுள்ள காற்றை உறிஞ்சி, பிசினைச் செலுத்தி, புறஊதா ஒளியால் இறுக வைத்தால் விரிசல் மேலும் ஓடாது. 1970களில் அமெரிக்காவில் இது ஒரு தொழிலாக வளர்ந்தது. காப்புறுதி நிறுவனங்களுக்கு இது வரப்பிரசாதம். எந்த நட்டத்திலும் முதற் பங்கை வாடிக்கையாளர் தம் கையிலிருந்து செலுத்த வேண்டும் என்பது வழக்கம். கண்ணாடியைப் பழுதுபார்ப்பதாயின் அந்தப் பங்கைப் பல நிறுவனங்கள் கேட்பதில்லை. முழுக் கண்ணாடியையும் மாற்றுவதைவிட அது மலிவு.

புளோரிடா மாநிலம் ஒருபடி மேலே சென்று, முழுமைக் காப்புறுதி பெற்றவரிடம் முகப்புக் கண்ணாடிக்கு அந்த முதற் பங்கை அறவிடவே கூடாதெனச் சட்டம் செய்தது. நல்ல சட்டம். ஆனால் பரிசு அட்டை தருகிறோம், பணம் தருகிறோம் என்று கண்ணாடிக் கடைக்காரர்கள் வாடிக்கையாளரை வளைத்து, கோரிக்கை உரிமையைத் தம் பெயருக்கு எழுதி வாங்கினர். பின்னர் காப்புறுதி நிறுவனங்கள்மீது பல்லாயிரக்கணக்கான வழக்குகளைத் தொடுத்தனர். 2023இல் வந்த புதிய சட்டம் அந்த உரிமை மாற்றத்தையும் பரிசுகளையும் தடை செய்தது.

இவ்வளவும் விரிசலின் கதை. கசிவின் கதை வேறு. காப்புறுதி என்பது விபத்துக்கு உரியது, தேய்மானத்துக்கு அன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு அதே வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு விசித்திரமான சாட்சியம் உண்டு. 1954 ஏப்ரல் நடுவில், கார்க் கண்ணாடிகளில் மர்மமான சிறு குழிகள் தோன்றியிருப்பதாகச் சியாட்டில் நகரப் பொலிசாருக்கு முறைப்பாடுகள் குவிந்தன. மூவாயிரத்துக்கும் அதிகமான வாகனங்கள். ஐதரசன் குண்டுச் சோதனையின் சாம்பல் என்றனர் சிலர். நகர மேயர் ஜனாதிபதி ஐசனோவரிடமே உதவி கேட்டார். ஆராய்ந்தபோது, அவை சாலைக் கற்களால் நெடுங்காலமாக உண்டான சாதாரணக் குழிகளே எனத் தெரிந்தது. அதுவரை கண்ணாடியினூடாகப் பார்த்தவர்கள், செய்தித்தாள்களைப் படித்தபின் முதன்முறையாகக் கண்ணாடியையே பார்த்தார்கள். எங்கள் தொழிலுக்கு அவ்வளவு பெருமை தரும் கதையன்று.

மழைநீர் காருக்குள் வருகிறதென்றால் அது பொதுவாக விரிசலின் வழியாக வருவதில்லை. கண்ணாடியின் விளிம்பு வழியாகவே வருகிறது. பழைய கார்களில் கண்ணாடியை இறப்பர்ப் பட்டி தாங்கியது. பட்டி காய்ந்து வெடித்தால் நீர் கசியும். பின்னர் பொலியூரித்தேன் பசை வந்து, கண்ணாடியை உடற்கூட்டோடு ஒன்றாக்கியது. மோதலின்போது முகப்புக் கண்ணாடி கழன்று போகக் கூடாதென்ற அமெரிக்க விதி 1970இல் நடைமுறைக்கு வந்தது. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை விரியும்போது பல கார்களில் இந்தக் கண்ணாடியின்மீதே சாய்கிறது. ஆகவே கசியும் கண்ணாடியின் குற்றம் பாய் நனைவது மட்டுமன்று. பசை பிடிக்கவில்லை என்பதற்கும் அது அறிகுறியாகலாம்.

அந்தக் கசிவுக்குப் பணம் கொடுப்பது யார் என்றால் இன்றும் தெளிவான விடை இல்லை. கல்லால் வந்த விரிசலைக் காப்புறுதி ஏற்கும். கண்ணாடியைத் தாங்கும் இரும்பு விளிம்பு துருப்பிடித்திருந்தால் அதைத் தேய்மானம் என்று சொல்லி ஒதுக்கும். சென்ற முறை பொருத்தியவரின் கவலையீனம் என்றால், அவர் தந்த உத்தரவாதத்தைத் தேடிப் போக வேண்டும். பழைய கண்ணாடியைக் கழற்றும்போது விளிம்பின் வர்ணம் கீறப்பட்டு, அங்கே துரு பிடித்து, அதனாற் கசிந்தால் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவர். பேக்ஸ்டருக்காவது கையில் ஓர் ஏடு இருந்தது.

அமெரிக்காவில் 2002இல் வெளியான கண்ணாடி பொருத்துவோருக்கான தொழில் நியமம், பயன்படுத்திய பசையின் தொகுதி இலக்கத்தைப் பதிந்து வைக்கும்படி கேட்கிறது. பசை இறுகி, காரை ஓட்டலாம் என்ற நேரத்தையும் வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும். கண்ணாடி மாற்றுவோர் அந்த இலக்கத்தையும் நேரத்தையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்டுப் பெறுவது நல்லது. துருப்பிடித்த விளிம்பைப் புதிய கண்ணாடி மூடுமுன் ஒரு புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.