மலாக்கா தோட்டத் தமிழர் பழம்படங்களில் மரஞ்செடிகள்

மலேசியாவின் மலாக்கா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களிலும், அவற்றை அடுத்த ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கால், ஆயர் குரோ முதலிய ஊர்களிலும் வாழ்ந்த தமிழரைக் காட்டும் பழைய ஒளிப்படங்களில், மனிதருக்குப் பின்னும் பக்கத்திலுமாக இடம்பெற்ற மரஞ்செடிகள் அப்படங்களின் காலத்தையும் பருவத்தையும் எடுத்தவர் நோக்கத்தையும் அறிய உதவும் சான்றுகளாகும். முகத்தை அடையாளம் காட்ட உயிரோடு எவரும் இல்லாத நிலையிலும், படத்தின் பின்பக்கம் பெயரோ தேதியோ எழுதப்படாத நிலையிலும், மரத்தின் பட்டையும் கிளையும் தரையில் படர்ந்த கொடியும் ஓரளவு உறுதியான விடைகளைத் தருகின்றன. பழம்படங்களை ஆராய்வோர் உடையையும் நகையையும் முதலில் பார்ப்பது வழக்கம். தோட்டத்துப் படங்களைப் பொறுத்தவரை மரத்தை முதலில் பார்ப்பதே பயன் மிகுந்தது.

மரத்தின் வருகை

மலாக்கா என்னும் பெயரே ஒரு மரத்தினின்று வந்ததாக மலாய் மரபு கூறும். 1400ஆம் ஆண்டையொட்டி, மலாக்காவை நிறுவிய பரமேசுவரன் இளைப்பாறிய மரம் ‘மலாக்கா’ மரம் என்பது அக்கதை. தமிழர்க்கு அது ஔவைக்கு அதியமான் அளித்த கனியின் வழியே நன்கு அறிமுகமான நெல்லி. ஆயினும் மலாக்காத் தமிழரின் படங்களை நிறைத்து நிற்பது நெல்லியன்று, பிரேசில் நாட்டினின்று வந்த ரப்பர் மரமே. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டனை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, அவற்றுள் 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதல் ரப்பர் நட்டவர் மலாக்காவின் சீன வணிகர் தான் சாய் யான். அவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் தொடங்கி, பின்னர் லேடாங் மலையடிவாரத்துப் புக்கிட் அசகானில் 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் மரவள்ளியோடு ஊடுபயிராக ரப்பரை நட்டார். மரவள்ளிக் கிழங்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவின் முதன்மைப் பயிராக இருந்தமையால், இளம் ரப்பர்க் கன்றுகளின் இடையே மரவள்ளி நிற்கும் படம் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளைக் குறிக்கும். இதில் ஓர் எச்சரிக்கை தேவை: 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் அரிசித் தட்டுப்பாட்டால் தோட்டங்களெங்கும் மரவள்ளி மீண்டும் பயிராயிற்று என்பதால், மரவள்ளியை மட்டும் கொண்டு காலத்தை முடிவுசெய்ய இயலாது.

பட்டையும் வெட்டும்

ரப்பர் மரத்தைத் தோட்டத் தமிழர் பால்மரம் என்றும், கெத்தா என்னும் மலாய்ச் சொல்லினின்று வந்த கித்தா மரம் என்றும் வழங்கினர். இம்மரத்தின் பட்டையில் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் தொழிலாகிய பால்வெட்டு, மரத்தின்மேல் அழியாத தழும்பை விட்டுச் செல்வதால், படத்தைத் தேதியிட அதைப் போன்ற சான்று வேறில்லை. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராயிருந்த ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்த முறையைப் பின்பற்றிய தொடக்ககால மரங்களில், நடுவே ஒரு நேர்க்கோடும் அதன் பக்கங்களில் பல சாய்கோடுகளுமாக மீன்முள் வடிவில் வெட்டுகள் காணப்படும். பட்டை வீணாவதைக் கண்டபின் இம்முறை கைவிடப்பட்டு, மரத்தின் பாதிச் சுற்றளவில் ஒற்றைச் சாய்வெட்டு இடும் முறை பரவியது. எனவே மீன்முள் வெட்டுடைய மரத்தருகே நிற்கும் தொழிலாளியின் படம் பெரிதும் முதல் உலகப் போரையொட்டியோ அதற்கு முன்னரோ எடுக்கப்பட்டதாகக் கொள்ளலாம்.

ஒற்றை வெட்டுக்கு வேறொரு பயனும் உண்டு. பட்டைக்குள் பால் ஓடும் குழல்கள் நேர்செங்குத்தாக இராமல் சற்றே சாய்ந்து செல்வதால், மரத்தை எதிர்நோக்கி நிற்பவருக்கு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி வெட்டினால்தான் குழல்கள் மிகுதியாக அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். ஒட்டுக் கட்டிய மரத்தில் ஏறத்தாழ 30 பாகையும், விதை மரத்தில் 25 பாகையும் சாய்வு வைப்பது வழக்கம். ஆகவே ஒரு படத்தில் வெட்டு வலப்பக்கம் உயர்ந்து தோன்றுமாயின், நெகட்டிவ் புறம்மாற்றி வைத்து அச்சிடப்பட்டது என்ற ஐயம் எழவேண்டும். பெண்களின் சேலை முந்தானை வலத்தோளில் விழுவதும் அதே படத்தில் காணப்பட்டால் ஐயம் வலுப்பெறும். இவ்வாறு இடவலம் மாறிய படத்தைக் கொண்டு, யார் யாருக்கு அருகில் நின்றார் என்று குடும்ப வரலாறு எழுதினால், எழுதுவது முழுவதும் இடம்மாறிப்போகும்.

அடிமரத்தின் வடிவமும் கவனிக்கத்தக்கது. விதையினின்று நேரே வளர்ந்த மரம் அடியில் பருத்து மேலே செல்லச் செல்லச் சிறுத்துக் கூம்பு போலிருக்கும்; மிகுபால் தரும் மரத்தின் மொட்டை வேறு கன்றில் பொருத்தி வளர்த்த ஒட்டு மரமோ மேலும் கீழும் ஒரே பருமனாய், ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் யானைக்கால் போலப் புடைத்திருக்கும். மலாயாவில் ஒட்டு மரங்கள் 1920களின் பிற்பகுதியில்தான் பரவலாயின என்பதாலும், கன்று நட்டுப் பால்வெட்டத் தொடங்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்பதாலும், வெட்டுப்பட்ட ஒட்டு மரங்கள் வரிசையாக நிற்கும் படம் 1930களுக்கு முந்தியதாக இருத்தல் அரிது. ஏணி வைத்து உயரத்தில் வெட்டும் காட்சி, கீழ்ப்பட்டை தீர்ந்துபோன முதிய மரத்தைக் காட்டும். ரப்பர் மரம் பொதுவாக 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்யப்படுவதால், மரம் நட்ட ஆண்டு தோட்டப் பதிவேட்டில் கிடைக்குமாயின் படத்தின் ஆண்டைப் பெரிதும் நெருங்கிவிடலாம்.

தரையும் பேசும். தொடக்ககாலத் தோட்டங்களில் ஒரு புல்லும் நில்லாதபடி களை எடுப்பதே நல்ல நிர்வாகத்தின் அடையாளமெனக் கருதப்பட்டமையால், அக்காலப் படங்களில் மரங்களுக்கிடையே வெறுந்தரை பளிச்சிடும். மழையில் மண் அரித்துச் செல்லப்பட்டதை உணர்ந்த பின்னர், 1920களின் பிற்பகுதியிலிருந்து மண்ணை மூடிக் காக்கும் பயறினக் கொடிகள் பரப்பப்பட்டன. மூவிலைக் கொடிகள் முழங்காலளவு படர்ந்த நிரைகளைக் காட்டும் படங்கள் அதற்குப் பிற்பட்டவை. வெறுந்தரையை ஒழுங்கென்று காட்டிய படங்களில், அந்த ஒழுங்கை நாள்தோறும் கொத்தியும் செதுக்கியும் உண்டாக்கிய தமிழ்ப் பெண்கள் பெரும்பாலும் படச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

மற்றொரு சான்று இலையுதிர்வு. மலாக்காப் பகுதியில் ரப்பர் மரங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை சிவந்து உதிர்த்து மீண்டும் துளிர்க்கின்றன. தைப்பூசத்தையும், செங் வட்டாரத்துச் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலின் மாசிமக விழாவையும் ஒட்டி எடுக்கப்பட்ட தோட்டத்துப் படங்களில் மொட்டைக் கிளைகள் வானில் தெரிவதற்கு இதுவே காரணம். அதே தோட்டத்தின் தீபாவளிப் படத்தில் மரங்கள் அடர்ந்து, லயம் எனப்படும் தொடர்வீட்டின் வாசல் நிழலில் ஆழ்ந்திருக்கும்.

படச்சுருளின் கண்

மரஞ்செடிகளை அடையாளம் காணுமுன் அக்காலப் படச்சுருள் நிறங்களைக் கண்ட விதத்தை அறிதல் இன்றியமையாதது. 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தமையால், பச்சை இலைகள் நுணுக்கமின்றிக் கருத்த திரளாயின. பின்னர்ப் பச்சையையும் உணரும் ஆர்த்தோகுரோமேட்டிக் சுருள்கள் வந்தபோது இலைகள் தெளிந்தன. சிவப்போ கறுப்பாகவே நின்றது. எளிய கேமராக்களுக்காகக் கோடாக் நிறுவனம் 1931இல் வெளியிட்ட வெரிகுரோம் சுருள் இவ்வகையினது. எல்லா நிறங்களையும் உணரும் வெரிகுரோம் பான் அதன் இடத்துக்கு வந்தது 1956இல்தான். இக்காரணத்தால் அந்த இடைக்காலத் தோட்டப் படங்களில் நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாகவும், வேலியோரச் செம்பருத்தி கருமலராகவும், பழுத்த ரம்புத்தான் குலை கரிக்குலையாகவும் தோன்றுவதுண்டு. கருமலரைக் கண்டு அது வேறொரு செடியென முடிவுகட்டுவது அடிக்கடி நேரும் பிழை. மாறாக, 1956க்குப் பின் வந்த சுருளில் சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறம் பெறுவதால், அதே செம்பருத்தி தன் இலைகளுக்குள் மறைந்துவிடும். மணமக்கள் கழுத்தில் மல்லிகை வெளுத்துப் பூவிதழ் தெரியாமல் போவதும் செண்டு மலர் இருண்டு நிற்பதும் இத்தகைய கோளாறுகளே.

1960களிலும் 1970களிலும் அச்சான வண்ணப்படங்கள் வேறு வகையில் ஏமாற்றுகின்றன. அவற்றின் மூன்று சாயங்களுள் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் மங்குவதால், படம் செந்நிறம் ஏறி, பச்சை இலைகள் பழுப்பாகிவிடுகின்றன. அத்தகைய படத்தில் ரப்பர்க் காடு இலையுதிர்காலத்தில் நிற்பது போலத் தோன்றும். இலையின் நிறத்தை நம்பாமல், கிளைகளுக்கிடையே வானம் எவ்வளவு தெரிகிறது என்பதைப் பார்த்தே பருவத்தைத் துணியவேண்டும்.

யார் எடுத்த படம்

தோட்டப் படங்களை எடுத்தவர் நோக்கால் இரண்டாகப் பகுக்கலாம். நிறுவனங்களும் வெள்ளைக்காரத் துரைமாரும், சிங்கப்பூரின் லாம்பெர்ட் நிறுவனம் போன்ற தொழில்முறை ஒளிப்படக் கூடங்களும் எடுத்த படங்களில் மரமே நாயகன். அடிமரத்தின் பருமனைக் காட்ட அருகே ஒரு தமிழ்த் தொழிலாளி அளவுகோலாக நிறுத்தப்பட்டிருப்பார். மரத்தின் வயது குறிப்பில் இருக்கும், மனிதரின் பெயர் இராது. பிரிட்டனுக்குச் சென்று இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தின் ராயல் காமன்வெல்த் சங்கத் தொகுப்பு முதலியவற்றில் உள்ள மலாயாப் படங்களை அணுகுவோர் இச்சாய்வை மனத்தில் கொள்ளவேண்டும்.

குடும்பங்கள் தாமே விரும்பி எடுத்துக்கொண்ட படங்களில் ரப்பர் மரம் பெரும்பாலும் விலக்கப்படுகிறது. வேலையில் விடியுமுன் தொடங்கி முட்டி மோதிய மரத்தை விசேட நாளிலும் பின்னால் நிறுத்த எவரும் விரும்பவில்லை என்று கொள்வதில் தவறில்லை. அவர்கள் தேர்ந்தவை வேறு. லயத்தின் முன் தகரத்திலும் சட்டியிலும் வளர்த்த குரோட்டன்ஸ், செம்பருத்தி, காகிதப்பூ. வீட்டின் பக்கவாட்டில் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, பப்பாளி. கோயில் முற்றத்தில் வேம்பும் அரசும். இவற்றுள் முருங்கையும் கறிவேப்பிலையும் வேம்பும் ஊரிலிருந்து வந்தவர்கள் தம்மைச் சூழ உண்டாக்கிக்கொண்ட தமிழ்நாட்டின் சிறு துண்டுகள்; குரோட்டன்ஸோ மலாய்த் தீவுக்கூட்டத்துக்கும் அதனை அடுத்த தீவுகளுக்கும் உரிய செடி. இரண்டும் ஒரே வாசலில் அடுத்தடுத்து நிற்பதைத்தான் படங்கள் காட்டுகின்றன.

நகரத்து ஸ்டூடியோக்களில் இச்செடிகளின் இடத்தைத் திரைச்சீலை பிடித்துக்கொண்டது. தென்னையும் ஏரியும் படிக்கட்டும் தீட்டிய திரையின் முன், தொட்டிப் பனையொன்றை உண்மையாகவே வைத்து எடுப்பது ஐரோப்பாவிலிருந்து உலகெங்கும் பரவிய வழக்கம். இத்தகைய படத்தின் செடி, இடத்தைப்பற்றி எதுவும் சொல்லாது. ஆனால் ஒரே திரையும் ஒரே தொட்டியும் பல குடும்பங்களின் படங்களில் வருமாயின், அவை ஒரே ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டவை என்பதை நிறுவும். 1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அறிவித்த அவசரகாலத்தையொட்டித் தொடங்கிய தேசியப் பதிவுக்காக எடுத்த அடையாள அட்டைப் படங்களில் செடியே இல்லை. அவசரகாலத்தில் தோட்டக் குடியிருப்புகள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டு, வேலியைச் சுற்றிய புதர்கள் வெட்டப்பட்டன என்பதால், 1950களின் வெளிப்புறப் படங்கள் சிலவற்றில் காணும் வெறுமையும் ஒரு சான்றே.

சடங்குப் படங்களில் தாவரம் பொருள் பொதிந்தது. திருமணப் பந்தலின் வாயிலில் குலையோடு கட்டிய வாழை, தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை ஆகியவை தோட்டத்திலேயே கிடைத்தமையால் வறிய குடும்பங்களின் படங்களிலும் குறைவின்றி இடம்பெறுகின்றன. காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகளின் படங்களில் மாவிலைக்குத் தனி முதன்மை உண்டு. தென்னிந்திய வணிகரின் வழிவந்த இச்சமூகத்தார் மலாய் மொழி பேசி, பெண்கள் கெபாயாவும் சாரோங்கும் உடுத்துவதால், உடையை மட்டும் கண்டு, மலாய் வழக்கங்களைத் தழுவிய பெரனாக்கான் சீனக் குடும்பமெனப் பிறழ உணரத்தக்க படத்தில், நிலைப்படிமேல் தொங்கும் மாவிலையே அவர்களை இந்துக்களெனக் காட்டிக்கொடுக்கிறது.

பிற்காலமும் பாதுகாப்பும்

1960களிலிருந்து ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை பரவியபோது படங்களின் பின்னணியும் மாறிற்று. நேர்நின்ற சாம்பல் அடிமரங்களும் அவற்றினூடே விழும் ஒளியும் போய், தரையளவு தாழ்ந்த முள்மட்டைகளின் இருள் வந்தது. ஆயர் குரோவில் இம்மாற்றம் மேலும் ஒரு படி சென்றது: 1986இல் தாமான் மினி மலேசியா திறக்கப்பட்டதோடு, மாநில அரசின் செரி நெகிரி வளாகம், உயிரியல் பூங்கா, தாவரவியல் பூங்கா என அவ்வட்டாரம் நகரமாக வளர்ந்து, குடும்பப் படங்களில் வரிசை தவறாத அழகுச் செடிகள் நிற்கலாயின.

படத்தில் தற்செயலாக விழுந்த மரம் அறிவியலுக்கும் உதவும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் லோவெல் நகரக் கல்லறையில் 1868 மே 30 அன்று நடந்த நினைவுநாள் நிகழ்ச்சியின் படத்தில் மரங்கள் இலையின்றி நிற்க, 2005இல் அதே தேதியில் அதே இடத்தில் எடுத்த படத்தில் இலை நிறைந்திருந்ததை, பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரிமாக் குழுவினர் வெப்பநிலை உயர்வோடு இணைத்து ஆராய்ந்தனர். பெல்ஜியத்துச் சைக்கிள் பந்தயத்தின் 1981 முதல் 2016 வரையிலான ஒளிபரப்புகளைக் கொண்டு கெண்ட் பல்கலைக்கழகத்தார் சாலையோர மரங்கள் துளிர்க்கும் காலம் முந்தி வருவதைக் காட்டினர். ரப்பரின் இலையுதிர்வுக்கும் இவ்வாறே தோட்டப் படங்களைப் பயன்படுத்தலாம்; அதற்குத் தேதி தெரிந்த திருவிழாப் படங்களே மிக ஏற்றவை.

இன்று பழம்படங்களைக் கணினியில் புதுப்பிப்போர் பின்னணியைத் துடைத்து முகங்களை மட்டும் பெரிதாக்கித் தருகின்றனர். அது படத்தை அழகுபடுத்துவதன்று, பாதியை அழிப்பது. படத்தை நான்கு ஓரங்களோடும் பின்பக்கத்தோடும் முழுமையாக ஸ்கேன் செய்து, லயத்து வாசலில் நின்ற செடி எது, அதை நட்டவர் யார் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்த முதியோரிடம் இப்போதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும்.