ஹர்ராகா

அரபு மொழியில் 'ஹரக' என்றால் எரித்தான். அதிலிருந்து வந்த 'ஹர்ராகா' எரிப்பவர்களைக் குறிக்கும். மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா நாடுகளின் பேச்சுவழக்கில், விசா இல்லாமல் படகேறி ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு இதுவே பெயர். பயணத்தை 'ஹர்கா' என்பார்கள்.

எதை எரிக்கிறார்கள்? அடையாள அட்டையை, பாஸ்போர்ட்டை. எந்த நாட்டவர் என்றே தெரியாவிட்டால் எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது? இது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இன்னொன்றும் உண்டு. சிவப்பு விளக்கை மீறி வண்டி ஓட்டுவதையும் அங்கே 'எரிப்பது' என்றுதான் சொல்கிறார்கள்; பிரெஞ்சு வழக்கின் சாயல் அது. அப்படிப் பார்த்தால் எரிவது எல்லைதான். எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. காகிதம் எதையும் எரிக்காமல் போகிறவரும் ஹர்ராகாதானே!

ஸ்பெயின் மொராக்கோ நாட்டவருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது 1991இல்தான். அதற்குமுன் ஜிப்ரால்டர் நீரிணையைப் பாஸ்போர்ட்டோடு கடந்துவிடலாம். அல்ஜீரியா 2009இல், அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறுவதையே சிறைக்குரிய குற்றமாக்கியது. வாசலைச் சாத்தியது ஐரோப்பா. காவல் வேலை ஆப்பிரிக்காவின் தலையில்.

2015 நவம்பரில் மால்ட்டாவின் வலெட்டாவில் இரு கண்டத் தலைவர்களும் கூடினார்கள். சட்டப்படியான வழிகளை விரிவாக்குவதும் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதும் ஒரே செயல்திட்டத்தில் இடம்பெற்றன. 2023 ஜூலையில் துனிசியாவுடன் ஐரோப்பிய ஒன்றியம் உடன்பாடு கண்டபோது, குடிப்பெயர்வைக் கட்டுப்படுத்த 10.5 கோடி யூரோ அறிவிக்கப்பட்டது. விசாவை எளிதாக்குவது பற்றியும் அதில் பேச்சுண்டு. எத்தனை பேருக்கு என்ற எண் மட்டும் இல்லை.