நெய்ச்சுரப்பியும் எக்சிமாவும்: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

நோய்க்கு இடப்படும் பெயர் அக்காலத்தில் நிலவிய காரணக் கொள்கையையும் சுமந்து வருகிறது. கொள்கை கைவிடப்பட்ட பின்னரும் பெயர் நிலைத்துவிடுவதுண்டு. வளர்ந்தோரின் தலை, புருவம், மூக்கோரம், காதின் பின்புறம், நடுமார்பு ஆகிய இடங்களில் சிவந்து செதிலுதிரும் 'செபோரிக் எக்சிமா' இதற்குத் தக்க சான்றாகும். இலத்தீனில் கொழுப்பையும் கிரேக்கத்தில் ஒழுக்கையும் குறிக்கும் சொற்களின் புணர்ப்பே 'செபோரியா' என்பது.

1887இல் ஹாம்பேர்க் நகரத் தோல்நோய் மருத்துவர் பவுல் கெர்சன் ஊனா இந்நோயைத் தனிவகை எக்சிமாவாக வரையறுத்தார். அவரும் மிகுகொழுப்பையே முதன்மைப்படுத்தினார். ஆயின் அக்கொழுப்பு வியர்வைச் சுரப்பிகளிலிருந்தும் வருவதாகக் கருதினார். அதற்கு முன்னரே, 1874இல், பிரெஞ்சு ஆய்வாளர் லூயி மலசே தலைச்செதில்களில் ஈஸ்ட் வகை நுண்ணுயிரைக் கண்டு விவரித்திருந்தார். 1889இல் அது 'மலசீசியா' எனப் பெயர் பெற்றது. எனவே கொழுப்பா, கிருமியா என்னும் வினா தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேற்றோல் உயிரணுக்களின் மிகைப்பெருக்கமே அடிப்படை என்ற கருத்து மேலோங்கியது. 1952இல் ஹைட்ரோகோர்ட்டிசோன் பூச்சு பயனளித்தமை, அழற்சியைத் தணித்தலே சிகிச்சை என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியது. 1980களில் இரு திருப்பங்கள் நிகழ்ந்தன. நோயாளரின் நெய்ச்சுரப்பு இயல்பானோருடையதைவிட மிக்கதன்று என்று 1983இல் பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. பெயர் கூறிய 'ஒழுக்கு' நோயின் இலக்கணமாகவே இல்லை. அடுத்த ஆண்டு சாம் ஷஸ்டர், பூஞ்சையெதிர் மருந்துகளின் பயனைச் சான்றாக்கி, மலசீசியாவை மீண்டும் காரணமாக நிறுவினார்.

எனினும் நெய்ச்சுரப்பி முற்றாக விலக்கப்படவில்லை. மலசீசியா தனக்கு வேண்டிய கொழுப்பமிலங்களைத் தானே ஆக்க இயலாதது. தோலின் கொழுப்பை நொதிகளால் உடைத்தே வாழ்கிறது. எஞ்சும் ஒலியிக் அமிலம், பொடுகுக்கு இடமளிக்கும் தலைத்தோலிற் செதிலை உண்டாக்கவல்லது என 2005இல் காட்டப்பட்டது. சுரப்பிகள் தாயின் ஹார்மோன்களால் தூண்டப்படும் கைக்குழந்தைப் பருவத்திலும் பூப்புக்குப் பின்னும் நோய் தோன்றுவதும், இடைப்பட்ட ஆண்டுகளில் அருகுவதும் இத்தொடர்பாலேயே விளங்கும். ஆயினும் இந்த ஈஸ்ட் ஏறத்தாழ எல்லோர் தோலிலும் உண்டு. எச்.ஐ.வி. தொற்றுடையோரிடமும் பார்க்கின்சன் நோயாளரிடமும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவது, உடலின் எதிர்வினையும் பங்குகொள்வதைப் புலப்படுத்துகிறது. ஆக, எண்ணெய் இங்கு காரணமன்று. காரணம் இயங்குவதற்கான களம்.

1933இல் வைஸ், சல்ஸ்பெர்கர் ஆகியோர் பெயரிட்ட 'அட்டோப்பிக்' எக்சிமாவின் வரலாறு இதற்கு எதிர்த்திசையில் சென்றது. அங்கே குறைபடுவது மேற்றோல் உயிரணுக்களிடையே காரைபோல் நிறையும் செராமைடு, கொலஸ்ட்ரோல் முதலிய கொழுப்புகள். இவற்றை ஆக்குபவை நெய்ச்சுரப்பிகள் அல்ல, மேற்றோல் உயிரணுக்களே. 1970களிலிருந்து பீட்டர் எலியாஸ் போன்றோர் வளர்த்த அரண்கொள்கையும், ஃபிலாக்ரின் மரபணுக் குறைபாடு குறித்த 2006ஆம் ஆண்டு ஆய்வும் இதனை உறுதிப்படுத்தின.

தமிழ் மருத்துவச் சொல்லாக்கத்துக்கு இவ்வரலாறு நேரடிப் பொருத்தமுடையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன், ஊனாவின் வரையறைக்கு முன்னரே, 1873இல், நாடு திரும்பிவிட்டார். இன்று 'கரப்பான்' என்ற ஒரே சொல் இரு எக்சிமாக்களையும், 'எண்ணெய்ப்பசை' என்ற ஒரே சொல் இருவகைக் கொழுப்புகளையும் சுட்டுகின்றது. வறண்ட தோலுக்கு நெய்ப்புப் பூசுவது முறையே. ஆயின் பொடுகை வறட்சியெனக் கருதித் தலையில் எண்ணெய் தேய்த்து ஊறவிடுவது ஈஸ்டுக்கு உணவிடுவதாக முடியலாம். சுரப்பியின் கொழுப்பை 'சுரப்பிநெய்' என்றும், மேற்றோலின் கொழுப்பை 'அரண்கொழுப்பு' என்றும் பிரித்துரைப்பின், ஒரு பழம்பெயரின் பிழை தமிழிலேனும் தொடராது.