வாக்காளரை இழந்த பிரதிநிதி

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவில் இறம்பொடை வரும். அதனருகே வேவண்டன் என்னும் தேயிலைத் தோட்டம் உண்டு. தமிழ்நாட்டின் முனப்புதூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, கங்காணியாக உயர்ந்த கருப்பையா என்பார் அதனை விலைக்கு வாங்கினார். அவருடைய புதல்வரே 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆந் திகதி முனப்புதூரில் பிறந்த திரு. சௌமியமூர்த்தி தொண்டமான். சிறு வயதிலே இலங்கைக்கு வந்து, எம்மிற் பலரைப் போலவே மிஷன் பாடசாலையிற் பயின்றார். கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியே அது.

தோட்ட முதலாளியின் மகன் தொழிலாளர் பக்கம் நின்றது எங்ஙனம் என்று எமது இளைஞர்கள் கேட்பதுண்டு. 1939இல் நேருஜி வந்து சென்றதையொட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. அதன் கம்பளைக் கிளைக்குத் தொண்டமான் தலைமை தாங்கினார். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் சூட்டுக்கு கோவிந்தன் என்னும் தொழிலாளி இரையானார். அக்காலம் அப்படிப்பட்டது.

1947 தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் ஜேம்ஸ் இரத்தினத்தைத் தோற்கடித்துத் தொண்டமான் பாராளுமன்றஞ் சென்றார். காங்கிரசின் சார்பில் எழுவர் வென்றனர். நாவலப்பிட்டியின் இராஜலிங்கமும் அவர்களுள் ஒருவர். ஆனால் மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்படவே, பிரஜைகள் அல்லாதோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. உறுப்பினர் சபையில் இருக்கிறார். அவரை அனுப்பிய மக்களுக்கோ வாக்கில்லை! இத்தகைய விநோதம் உலகில் வேறெங்கு நடந்ததோ?

பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. அதனைப் பகிஷ்கரிக்குமாறு காங்கிரஸ் முதலிற் கூறிற்று. அது தவறான முடிவு என்பதே எமது கருத்து. இரண்டு வருட அவகாசத்தின் பெரும்பகுதி அதனால் வீணாயிற்று. இறுதியில் அவசர அவசரமாக இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. எட்டு லட்சம் பேரைக் குறித்த அவற்றில், பிரஜைகளாக ஏற்கப்பட்டோர் ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பேரே.

1952 ஏப்ரல் 28இல் பிரதமர் காரியாலயத்தின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் நூற்றி நாற்பது நாட்களுக்கு மேல் நீடித்தது. அவ்வாண்டுத் தேர்தலிற் காங்கிரசார் ஒருவரும் வெல்லவில்லை. வெல்வதற்கு வாக்குகள் ஏது? 1960இல் தொண்டமான் மீண்டும் சபைக்குட் புகுந்தது நியமன உறுப்பினராகத்தான். ஆட்சியாளர் தயவில் அமர்ந்தவர் என்று அவரை இகழ்ந்தோர் உண்டு. வேறு கதவு எதுவும் திறந்திருக்கவில்லை என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் பார்ப்போம் என்பது ஏற்பாடு. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் வாயிலிற் கடவுச்சீட்டுக்காகக் காத்து நின்றவர்களின் கதைகளை எமது பெரியோர் இன்றும் சொல்வர். தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டியில் ஒரே குடும்பத்தில் ஒருவர் ஏற, மற்றவர் மேடையில் நின்றழுத காலம் அது.

1977இல் நுவரெலியா மஸ்கெலியா மும்முனைத் தொகுதியில் தொண்டமான் மூன்றாம் உறுப்பினராக வென்றார். முப்பது வருடங்களின் பின் மக்களின் வாக்கால் அடைந்த ஆசனம். 1978இல் அமைச்சரானார். 1983இல் தமிழர் வீடுகள் எரிந்தபோதும் அமைச்சரவையில் நீடித்தார். அதனை எமது சங்கத்தின் மூத்தோர் சிலர் இன்னும் மன்னிக்கவில்லை. நாம் அவர்களுடன் வாதிட்டு முடிவு கண்டதுமில்லை. எனினும் 1984இல் தோட்டப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்ததையும் அவர்கள் மறுப்பதில்லை.

1986 தைப்பொங்கலன்று ஆரம்பித்த பிரார்த்தனை இயக்கம் எமக்கு மிகவும் பிடித்தமானது. காலையிற் கொழுந்து பறிக்கச் செல்லாது தொழிலாளர் கடவுளை வேண்டி அமர்ந்தனர். பிரார்த்தனை செய்பவனை எந்தத் துரை விரட்டுவான்? அவ்வாண்டே நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. 1988இல் 39ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியவர்களிற் பெரும்பாலோரையும் சேர்த்துக்கொண்டது.

1999 ஒக்டோபர் 30ஆந் திகதி தொண்டமான் காலமானார். அந்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி அன்றோடு முப்பத்தைந்து வருடங்கள். அப்போதும் விடுபட்டிருந்தவர்களுக்காக 2003இல் இன்னொரு சட்டம் இயற்றப்பட்டது.